வெள்ளிக்குத் திறந்த கரை: ராய்கட் கடற்கரை, 1993

1993 மார்ச் 12 பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பம்பாய் பங்குச் சந்தைக் கட்டடத்தில் முதல் குண்டு வெடித்தது. மூன்றே முக்கால் ஆவதற்குள் நகரின் 12 இடங்கள் சிதறியிருந்தன. 257 பேர் இறந்தார்கள். 700-க்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். அந்தப் பிற்பகலைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. இங்கே எடுத்துக்கொள்வது அதற்கு முந்தைய இரண்டு மாதங்களை. வெடித்த ஆர்டிஎக்ஸ் வெடிமருந்தும் அதோடு வந்த துப்பாக்கிகளும் ராய்கட் மாவட்டக் கடற்கரையில் இறங்கி, சுங்கத்துறை, காவல்துறை என்ற இரண்டு காவல்களையும் தாண்டி, சாலை வழியாகப் பம்பாய் போய்ச் சேர்ந்தது எப்படி என்பதுதான் விஷயம்.

தகவல்கள் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கை விசாரித்த தடா நீதிமன்றமும் பின்னர் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்ட சங்கதிகளை ஒட்டியவை. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. அவற்றைத் தவிர்த்திருக்கிறேன். யார் செய்தார்கள் என்பதைவிட எந்தப் பதவியில் இருந்துகொண்டு செய்தார்கள் என்பதுதான் இன்று எல்லைக் காவலில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

கரையும் தொழிலும்

பம்பாய்க்குத் தெற்கே கொங்கண் கரை நேர்கோடாக ஓடுவதில்லை. கழி, முகத்துவாரம், குன்று, குன்றின் அடியில் சின்னச் சின்ன மீனவ ஊர்கள் என்று வளைந்து போகும். ராய்கட் மாவட்டத்தின் தென்பகுதியான ஸ்ரீவர்தன், மஸ்ளா வட்டாரங்கள் முழுக்க இப்படித்தான். ராஜ்புரி கழியின் வாயில், ஜஞ்சிரா கோட்டைக்கு எதிர்க்கரையில் திகி என்ற சிறு இறங்குதுறை. அதற்குத் தெற்கே, திவேஆகருக்கும் ஸ்ரீவர்தனுக்கும் நடுவில் ஷேகாடி. படகு ஒதுங்க இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒதுங்கிய சரக்கு பம்பாய்–கோவா நெடுஞ்சாலையை எட்ட வேண்டுமானால் மலைப்பாதைகள் சிலவற்றைத்தான் நம்ப வேண்டும். கடலில் தப்பியதைச் சாலை முக்குகளில் பிடித்துவிடலாம். இது சுங்கத்துறைக்குத் தெரியும், கடத்துகிறவர்களுக்கும் தெரியும்.

தங்கமும் வெள்ளியும்தான் அந்தக் கரையின் பழைய சரக்கு. 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை துபாய் விலைக்கும் பம்பாய் விலைக்கும் இடையிலிருந்த வித்தியாசமே ஒரு தொழிலை வளர்த்தது. 1990-இல் அந்தச் சட்டம் போனது. 1992-இல் வெளிநாடுவாழ் இந்தியர் 5 கிலோ வரை தங்கத்தைத் தீர்வை கட்டி எடுத்து வரலாம் என்றானது. தங்கத்தில் லாபம் மெலிந்தது. வெள்ளிக்கு அதே மாதிரிச் சலுகை 1993 பிப்ரவரியில்தான் வந்தது. ஆக, இந்த நிகழ்வு தொடங்கிய ஜனவரியில், கள்ளத்தனமாக இறக்கும் வெள்ளிக்கு இன்னும் மவுசு இருந்தது.

தொழில் நடந்த விதம் எளிது. நடுக்கடலில் பெரிய படகு நிற்கும். உள்ளூர்ப் படகு போய்ச் சரக்கை மாற்றிக்கொண்டு வரும். கரையில் சுமக்க ஆள், ஏற்ற லாரி, வழியில் யாரும் மறிக்காமலிருக்க ஏற்பாடு. இவை எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துச் செய்து கொடுப்பவர் உள்ளூர் 'லேண்டிங் ஏஜென்ட்'. சரக்கின் முதலாளி பம்பாயிலோ துபாயிலோ இருப்பார். கரை ஏஜென்டுக்கு ஒரு இறக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியிலிருந்தோ அதற்கு மேலோ சுங்கத்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் மாமூல்.

இந்த மாமூலின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சரக்கைப் பார்த்து விலை பேசிக் கொடுப்பதற்குப் பெயர் மாமூல் இல்லை. இது இரவுக்கு, இறக்கத்துக்கு, வழிக்குக் கொடுப்பது. வாங்குகிறவர் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ரோந்து வண்டி அன்று வேறு பக்கம் போனால் போதும். இறங்கியது என்ன என்று கேட்காமலிருப்பதும் அந்த ஒப்பந்தத்தில் அடக்கம். கேட்டால் பங்கு கூட்டிக் கேட்கிறார் என்று அர்த்தமாகிவிடும்.

1992 டிசம்பர் 6-இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. டிசம்பரிலும் ஜனவரியிலும் பம்பாயில் கலவரம். சுமார் 900 பேர் இறந்தார்கள். வெள்ளிக் கடத்தலில் பெயர்பெற்ற ஒருவரின் அலுவலகமும் அதில் எரிந்தது. அவரும், அவரோடு தொழில் உறவுள்ள வேறு கடத்தல்காரர்களும், எல்லைக்கு அப்பால் இருந்த உளவு அமைப்பின் உதவியோடு, பழகிய பாதையில் புதிய சரக்கைக் கொண்டுவர முடிவு செய்தார்கள் என்பது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட அடிப்படை. புதிதாக ஆள் பிடிக்கவோ வழி தேடவோ அவசியம் இருக்கவில்லை. கரை ஏஜென்ட் பழைய ஆள்தான், படகும் லாரியும் அவைதான், மாமூல் வாங்கும் கைகளும் அவையேதான்.

ஜனவரி 9: கோண்ட்கர் ஃபாட்டா

முதல் இறக்கம் திகி துறையில் ஜனவரி 9 இரவு. பம்பாயில் கலவரத்தின் இரண்டாம் சுற்று உச்சத்தில் இருந்த நேரம் அது. சரக்கு லாரிகளில் ஏறி மலைப்பாதையில் கிளம்பியது. கோண்ட்கர் ஃபாட்டா என்ற சாலை முக்கில், உதவி ஆய்வாளர் ஒருவரின் தலைமையிலான காவலர் குழு வண்டிகளை மறித்தது.

இந்த முழு வரலாற்றிலும் எல்லைக் காவல் சரியாக வேலை செய்த இடம் ஒன்று உண்டென்றால் அது இந்த மறிப்புதான். இருட்டில், சரியான முக்கில், சரியான வண்டிகளை, ஆயுதம் தாங்கிய காவலர்கள் நிறுத்திவிட்டார்கள். கடல் ரேடார் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம், உளவுத் தகவல்கூட வேண்டாம். தார்ப்பாயைத் தூக்கி ஒரு பெட்டியை உடைத்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பேரம் நடந்தது. வண்டிகளோடு வந்தவர்களில் சுங்க ஆய்வாளர் ஒருவரும் இருந்தார் என்பது தீர்ப்பில் பதிவான சங்கதி. லட்சக் கணக்கில் ஒரு தொகை பேசி முடிந்தது. அவ்வளவு ரொக்கம் கையில் இல்லை. அதனால் பணம் வந்து சேரும்வரை ஈடாக ஐந்து வெள்ளிக் கட்டிகளைக் கொடுத்தார்கள். அப்போது கடத்தலில் புழங்கிய வெள்ளிக் கட்டி ஒன்று சுமார் 30 கிலோ தேறும். ஐந்து கட்டிகளை வண்டியிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, மற்றதைத் திறந்து பார்க்காமல் வழி விட்டார்கள்.

அந்த உதவி ஆய்வாளர் ஏன் திறக்கவில்லை? வெள்ளிக் கட்டியைக் கண்ணால் பார்த்தார், ஆகவே வண்டியில் இருப்பது வெள்ளி என்று எடுத்துக்கொண்டார். சுங்க ஆய்வாளர் கூடவே நின்றதால், இது பழகிய சரக்கு, பழகிய ஆட்கள் என்ற நிம்மதி. திறந்தால் வழக்குப் பதிய வேண்டும், வழக்குப் பதிந்தால் பணம் இல்லை. மூன்றும் சேர்ந்து அவர் கையைக் கட்டின. என் கணிப்பில் இதில் ஆபத்தானது இரண்டாவதுதான். வேறொரு துறையின் சீருடை அங்கே நின்றதே வண்டிக்கு நற்சான்றாகிவிட்டது. இரண்டு துறைகள் ஒன்றையொன்று சரிபார்க்கும் என்றுதான் இரண்டு துறைகளை வைக்கிறோம். இங்கே ஒன்று மற்றொன்றுக்கு ஜாமீன் கொடுத்தது.

ஈடு வாங்கியதில் இன்னொரு விஷயமும் வெளிப்படுகிறது. திருடனிடம் யாரும் பாக்கி வைப்பதில்லை. பாக்கிக்கு ஈடு வாங்கிக்கொண்டு வழி விடுகிறார்கள் என்றால், இவர்கள் மறுபடி வருவார்கள், கணக்குத் தீரும் என்ற நம்பிக்கை இருதரப்பிலும் இருந்தது. ஒருநாள் சபலத்தில் இப்படி நடக்காது. வருடக் கணக்கில் புழங்கிய இடத்தில்தான் நடக்கும்.

ஜனவரி 25: எச்சரிக்கைக் கடிதம்

பதினாறு நாள் கழித்து, சுங்கத்துறையின் உயர்மட்டத்திலிருந்து ஒரு கடிதம் இறங்கியது. கடத்தல் வெள்ளி, தங்கத்தோடு சேர்த்துப் பெருமளவு தானியங்கி ஆயுதங்கள் கடல் வழியே வரப்போகின்றன என்று உளவு. இறங்கக்கூடிய இடங்கள் பம்பாய், ஸ்ரீவர்தன், பாங்கோட், ரத்னகிரி. காலம், அடுத்த சில வாரங்கள்.

உளவுத் தகவலோடு வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பொதுவாக வருவது 'கடலோரத்தில் விழிப்பாக இருக்கவும்' என்ற ஒற்றை வரி. இந்தக் கடிதத்தில் என்ன சரக்கு, எதோடு சேர்ந்து வரும், எங்கே இறங்கும், எப்போது என்று நான்கும் இருந்தன. ஊர்ப் பெயரே இருந்தது.

ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்த கைகளைப் பாருங்கள். பம்பாயிலிருந்து சுங்கத்துறையின் கூடுதல் ஆட்சியர், அவருக்குக் கீழே உதவி ஆட்சியர், அவருக்குக் கீழே கண்காணிப்பாளர், கடைசியில் களத்து ஆய்வாளர்கள். இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒருவராவது பின்னர் இதே வழக்கில் தண்டிக்கப்பட்டார். ஆயுதம் வருகிறது என்ற எச்சரிக்கை, ஆயுதம் கொண்டுவருகிறவர்களிடம் மாமூல் வாங்கும் சங்கிலி வழியாகவே கீழே இறங்கியது. கடிதத்துக்குக் கடமையாக நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. மேலதிகாரியான கூடுதல் ஆட்சியர் ஜனவரி இறுதியில் ஸ்ரீவர்தன் பக்கம் போய்ச் சாலைக் கண்காணிப்பு போட்டார். சரக்கு வெளியேறக்கூடிய முக்கியமான வழியை விட்டுவிட்டு வேறு இடத்தில் போட்டார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. தடா நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இங்கே ஒரு நடைமுறைக் கேள்வி எழுகிறது. இப்படி ஒரு தகவல் கிடைத்தால் மேலிடம் வேறு என்ன செய்திருக்க முடியும்? களத்து அலுவலகத்தைத் தாண்டி, அந்தக் கரையோடு சம்பந்தமில்லாத ஒரு குழுவை நேராக அனுப்பியிருக்கலாம். காவல்துறைத் தலைமைக்குத் தனியாகச் சொல்லி, சாலை முக்குகளை வெளிமாவட்டக் காவலர்களிடம் கொடுத்திருக்கலாம். இரண்டுமே அரசாங்க நடைமுறையில் சங்கடமானவை. முதலாவது கீழே இருப்பவர்களை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம். அலுவலகங்களில் இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் அதிகமான மூளை செலவாகிறது.

பிப்ரவரி 3, 7: ஷேகாடி

அடுத்த இரண்டு இறக்கங்கள் ஷேகாடியில், பிப்ரவரி 3 அன்றும் 7 அன்றும். வந்தவை ஏகே-56 துப்பாக்கிகள், தோட்டாக்கள், கையெறி குண்டுகள், டெட்டனேட்டர்கள். இவற்றோடு, ஆட்கள் தங்களுக்குள் 'கருப்பு சோப்பு' என்று சொல்லிக்கொண்ட ஆர்டிஎக்ஸ்.

கடற்கரையிலிருந்து சரக்கு நேராகப் பம்பாய் போகவில்லை. மஸ்ளா அருகே வாங்ணி என்ற இடத்தில் ஒரு தகவல் தொடர்பு டவர் இருந்தது. ஊருக்கு ஒதுக்குப்புறம், சுற்றி வேலி, உள்ளே கட்டடம், அதற்கு ஒரு காவலாளி. டவர் ஊழியர்கள் உடந்தையாகிவிட்டதால் இரவில் லாரிகளை உள்ளே விட்டு, சரக்கைப் பிரித்து, ஜீப்புகளில் ரகசிய அறைகள் செய்து அடுக்கி அனுப்ப முடிந்தது. அரசுச் சொத்து என்பதால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இப்படிப்பட்ட இடங்கள் ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் இருக்கின்றன. வனத்துறை ஓய்வு விடுதி, பாசனத் துறைக் கிடங்கு, மூடிக்கிடக்கும் ஐஸ் ஃபாக்டரி. காவல் நிலையத்தின் ரோந்துப் பட்டியலில் நகைக்கடைக்கும் வங்கிக்கும் இடமிருக்கும். இவற்றுக்கு இருக்காது.

சுமந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், டவரில் நின்றவர்கள் என்று எத்தனையோ பேருக்குச் சரக்கு மாறியது தெரிந்தது. சிலர் பெட்டிகள் பிரிக்கப்பட்டபோது துப்பாக்கியைக் கண்ணாலேயே பார்த்தார்கள். ஒருவரும் வெளியே சொல்லவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை என்று நினைக்கிறேன். புகார் சொல்லப் போகும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏஜென்டோடு டீ குடிப்பதை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள்.

அதே மாதத்தில் இளைஞர்கள் சிலர் துபாய் வழியாக இஸ்லாமாபாத் கொண்டுபோகப்பட்டு, கடவுச்சீட்டில் முத்திரை விழாமல் உள்ளே எடுக்கப்பட்டு, ஆயுதப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். விமான நிலைய எல்லையைப் பொறுத்தவரை அவர்கள் துபாய் போய்வந்தவர்கள், அவ்வளவுதான்.

மார்ச்

மார்ச் 9 அன்று, பாகிஸ்தானில் பயிற்சி பெற்றுத் திரும்பிய ஒருவர் கலவர வழக்கு ஒன்றில் பம்பாய் போலீசிடம் சிக்கினார். பயிற்சியையும், குண்டு வைக்கப்போகும் திட்டத்தையும் சொன்னார். நம்பவில்லை. அவர் பிடிபட்டது தெரிந்ததால் திட்டம் முன்தள்ளப்பட்டது என்று பின்னர் சொல்லப்பட்டது. 11-ஆம் தேதி இரவு மாஹிம் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கராஜில் கார்களிலும் ஸ்கூட்டர்களிலும் ஆர்டிஎக்ஸ் அடைத்தார்கள். மறுநாள் நடந்தது தெரிந்ததே.

புலன் கிடைத்தது வேகமாக. வொர்லியில் கைவிடப்பட்ட ஒரு மாருதி வேனில் துப்பாக்கிகள் இருந்தன. வேன் பதிவான முகவரி மாஹிம் வீட்டுக்குக் கொண்டுபோனது. அந்த வீட்டில் கிடைத்த ஒரு சாவி, நைகாவ் பக்கம் வெடிக்காமல் நின்ற ஸ்கூட்டருக்குப் பொருந்தியது. அடுத்த வாரங்களில் கொங்கண் கரைவரை விசாரணை பின்னோக்கிப் போனது. தாணே அருகே ஒரு கழியில் கொட்டப்பட்டிருந்த ஆர்டிஎக்ஸ் டன் கணக்கில் எடுக்கப்பட்டது. இறங்கியதில் ஒரு பகுதிதான் வெடித்திருக்கிறது.

'வெள்ளி என்றுதான் நினைத்தோம்'

வழக்கு மத்திய புலனாய்வுத் துறைக்குப் போனது. குற்றப்பத்திரிகை 1993 நவம்பரில். தீர்ப்பு வாசிப்பு தொடங்கியது 2006 செப்டம்பரில். 100 பேர் குற்றவாளிகள் என்று முடிவானது. தண்டனை அறிவித்து முடிக்க 2007 ஜூலை ஆயிற்று. உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2013 மார்ச் 21.

குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்களின் தற்காப்பு பெரும்பாலும் ஒரே தடத்தில் போனது. லஞ்சம் வாங்கியதை ஒத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தாலும், ஆயுதம் என்று தெரியாது, வெள்ளி என்றுதான் நினைத்தோம் என்ற வாதம். சட்டப்படி இது சாதாரண வாதமில்லை. சதியில் பங்கு என்று சொல்ல, சதி எதற்காக என்ற அறிவு வேண்டாமா? தீர்ப்புக்கு வெகு முன்பே, 1996-இல், அந்தச் சுங்க மேலதிகாரி தொடர்பான மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் இதை எடுத்து ஆராய்ந்தது. சட்டவிரோதக் காரியம் நடக்கிறது என்ற அறிவு இருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொருவருக்கும் கடைசி இலக்குவரை தெரிந்திருக்க வேண்டியதில்லை. சட்டப்படியான உபயோகம் எதுவுமே இல்லாத பொருள் என்றால், தெரிந்து உதவியதிலிருந்தே நோக்கத்தை ஊகிக்கலாம். சாரம் இது.

இந்த இடத்தில்தான் ஜனவரி 25 கடிதம் சுங்க அதிகாரிகளின் கழுத்தைப் பிடித்தது. வெள்ளியோடு ஆயுதம் வரும் என்று எழுத்தில் சொல்லியிருந்த பிறகு, வெள்ளி என்று நினைத்தோம் என்பது எடுபடவில்லை. கோண்ட்கர் ஃபாட்டாவில் நின்ற காவலர்களிடம் அந்தக் கடிதம் இல்லை. அவர்கள் மறித்தது கடிதத்துக்குப் பதினாறு நாள் முன்பு. இருந்தும் உதவி ஆய்வாளருக்கு ஆயுள் தண்டனை, உடனிருந்த காவலர்களுக்கு அதைவிடக் குறைந்த சிறை. திறந்து பார்க்கும் அதிகாரமும் கடமையும் இருந்தவர்கள், பார்க்காமல் விட்டதையே தற்காப்பாகச் சொல்ல முடியாது என்ற திசையில்தான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இதில் கருத்து வேறுபாடு இல்லை. தடா சட்டத்தின் கீழ் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலங்களே இந்த வழக்கின் முதுகெலும்பு என்ற சங்கடம் மட்டும் தனியாக நிற்கிறது. அந்தச் சட்டம் 1995-இலேயே காலாவதியாகிவிட்டது.

சுங்கத்துறை, காவல்துறை, கடலோரக் காவல்படை மூன்றையும் 2013 தீர்ப்பு கடுமையாகச் சாடியது.

அதன் பிறகு எடுத்த முடிவுகள்

1993-இலேயே மகாராஷ்டிரம், குஜராத் கரையோரமாக 'ஆபரேஷன் ஸ்வான்' தொடங்கியது. கடற்படை, கடலோரக் காவல்படை, சுங்கத்துறை, மாநிலப் போலீஸ் சேர்ந்து ரோந்து. நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. விடுதலைப் புலிகளின் படகுப் போக்குவரத்தைக் கண்காணிக்க 1990 முதல் பாக் நீரிணையில் 'ஆபரேஷன் தாஷா' ஓடிக்கொண்டிருந்தது. கிழக்கே அப்படி ஓர் ஏற்பாடு வந்து மூன்று வருடமாகியும் மேற்குக் கரைக்கு அது தோன்றவில்லை. அங்கே கடத்தல் என்பது வரி ஏய்ப்பாக மட்டும் பார்க்கப்பட்டது.

அதே 1993-இல் உள்துறைச் செயலாளர் வோரா தலைமையில் ஒரு குழு அமைந்தது. குற்றக் கும்பல்களுக்கும் அதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்வது அதன் வேலை. அறிக்கை அக்டோபரில் வந்தது. ரோந்துப் படகு வாங்க நடந்த அளவுக்கு அந்த அறிக்கையின் மேல் வேலை நடந்ததாகச் சொல்ல முடியாது.

2005-இல் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. முதல் கட்டத்தில் 73 கடலோரக் காவல் நிலையங்கள். அதற்குப் பிறகும் 2008 நவம்பர் 26 நடந்தது. கராச்சியிலிருந்து கிளம்பிய பத்துப் பேர் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, படகில் இருந்தவர்களைக் கொன்று, ரப்பர் படகில் கொலாபா மீனவர் குடியிருப்பில் இறங்கினார்கள். 166 பேர் இறந்தார்கள். கரையிலிருந்த மீனவர்கள் சிலர் அந்தப் பத்துப் பேரைப் பார்த்து விசாரித்ததும், உங்கள் வேலையைப் பாருங்கள் என்று பதில் வந்ததும் பின்னர் வெளிவந்தன.

இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நான் பிரித்துப் பார்க்கிறேன். 2008-இல் யாருக்கும் மாமூல் போகவில்லை. அது கண்ணுக்குத் தப்பிய படகு. 1993-இல் வண்டி கண்ணில் பட்டது, கையிலும் அகப்பட்டது, பிறகு விடப்பட்டது. 2008-க்குப் பிறகு வந்த மாற்றங்கள் பெரும்பாலும் முதல் வகைக் கோளாறுக்கு மருந்து. 2009-இல் கடல்வழிப் பாதுகாப்பின் மொத்தப் பொறுப்பு கடற்படைக்கு. கரையெங்கும் ரேடார் சங்கிலி, மீனவர்களுக்கு அடையாள அட்டை, மாநிலத்துக்கொரு நிறத்தில் படகு, 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு அடையாளம் காட்டும் கருவி, ஆண்டுதோறும் 'சாகர் கவச்' ஒத்திகை. எல்லாம் தேவையானவை. ஆனால் கோண்ட்கர் ஃபாட்டாவுக்கு இவற்றில் எதுவும் பதில் சொல்லாது.

எதை மாற்ற வேண்டும்

கடத்தல் வழக்குகளைச் சரக்கின் மதிப்பை வைத்துத் தரம் பிரிக்கும் பழக்கம் முதலில் போக வேண்டும். இன்றும் பிடிபட்ட தங்கம் இத்தனை கோடி, பீடி இலை இத்தனை மூட்டை என்றுதான் செய்திக் குறிப்பு வருகிறது. பீடி இலை பிடிபட்ட இடத்தில் விசாரணையும் பீடி இலையோடு முடிந்துவிடுகிறது. யார் படகு, யார் வண்டி, எந்த முக்கில் யார் பணியில் இருந்தார், இதே வழியில் இதற்கு முன் எத்தனை முறை போயிற்று என்ற கேள்விகள் சரக்கின் விலையைப் பொறுத்து வரக்கூடாது. ராமேஸ்வரம், வேதாரண்யம் கரைக்கும் இது பொருந்தும். வெள்ளி போன வழியில் ஆர்டிஎக்ஸ் போக ஷேகாடியில் யாரும் புதிதாக ஒரு ரூபாய்கூடக் கூடுதல் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கவில்லை.

எச்சரிக்கை இரண்டு தனிப் பாதைகளில் கீழே போக வேண்டும். ஒரு துறையின் படிக்கட்டில் மட்டும் இறங்கினால், அந்தப் படிக்கட்டில் ஒரே ஒரு படி உளுத்திருந்தாலும் போதும். கூடவே, எச்சரிக்கை வந்த பிறகு போட்ட கண்காணிப்பு எந்த முக்கில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, ஏன் அந்த முக்கு என்று அன்றே எழுதி வெளியே இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பும் வழக்கம் வேண்டும். தவறான இடத்தில் காவல் போட்டது பற்றி விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது பத்து வருடத்துக்கு மேல் கழித்து. மறுநாள் காலையிலேயே ஒரு வரைபடத்தை விரித்தவர் யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்.

சோதனைச் சாவடியில் மறித்து விட்ட வண்டிகளின் பதிவும் முக்கியம். பிடித்ததற்கு ஆயிரம் காகிதம் உண்டு. மறித்து, திறந்து பார்த்து அல்லது பார்க்காமலே அனுப்பிய வண்டிக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. வண்டி எண், நேரம், திறந்ததா இல்லையா, கூட இருந்த வேறு துறை ஊழியர் யார் என்ற நான்கு விவரம் போதும். காவலர் சட்டைப் பையில் கேமரா மாட்டுவது இன்று கைக்கெட்டும் விலைதான். வேறு துறை அதிகாரி வண்டியோடு வந்தால் திறந்து பார்ப்பது கட்டாயம் என்று விதி எழுத வேண்டும். இப்போது நடைமுறை நேர் எதிராக இருக்கிறது.

ஒரே கரையில் ஐந்தாறு வருடம் ஓர் ஆய்வாளர் இருப்பதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், உள்ளூர் பழக்கம் இருந்தால்தான் தகவல் கிடைக்கும் என்று பதில் வரும். பாதி உண்மை. தகவல் கொடுப்பவரைப் பழகுவதற்கும் ஏஜென்டைப் பழகுவதற்கும் ஆகும் காலம் ஒன்றுதான். இடமாற்றம் போக, எந்த நிலையத்தில் வருடக் கணக்கில் ஒரு பிடிப்பும் இல்லை என்று வெளியிலிருந்து யாராவது பார்க்க வேண்டும். ஒன்றும் நடக்காத கரை என்று அதற்கு நல்ல பெயர் கொடுத்துவிடுகிறோம்.

கரையில் இருக்கும் மக்கள் விஷயம் தனி. ஷேகாடியில் சுமந்தவர்களுக்கும் கொலாபாவில் விசாரித்தவர்களுக்கும் நடுவில் பதினைந்து வருடம். இருவருக்கும் கிடைக்காதது, உள்ளூர் நிலையத்தைத் தாண்டி நேராகப் பேச ஒரு ஆள். 1093 என்ற கடலோரப் பாதுகாப்பு உதவி எண் இப்போது இருக்கிறது. அழைப்பு போய் விழும் மேசை எது, அழைத்தவர் பெயர் அதே ஊர் நிலையத்துக்குத் திரும்பிப் போகிறதா என்பதைப் பொறுத்துத்தான் அந்த எண் பயன்படும்.

2022 ஆகஸ்ட் 18 அன்று, ஷேகாடி இருக்கும் அதே ஸ்ரீவர்தன் வட்டாரத்தில், ஹரிஹரேஷ்வர் கரையில் ஆளில்லாத படகு ஒன்று ஒதுங்கியது. உள்ளே மூன்று ஏகே-47 துப்பாக்கிகள். படகு ஓமன் பக்கம் பழுதாகிக் கைவிடப்பட்டது, பயங்கரவாதத் தொடர்பு எதுவும் இதுவரை உறுதியாகவில்லை என்று அன்றே அறிவித்தார்கள். அது 20 மீட்டருக்குக் குறைந்த படகு. முதலில் பார்த்துச் சொன்னது கரையில் இருந்தவர்கள். 2024 ஆகஸ்டில், சிறிய மீன்பிடிப் படகுகள் உட்பட ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. படகின் இடம் இனித் திரையில் தெரியும். கரையேறிய பிறகு லாரி எந்த முக்கில் நின்றது, யார் கையசைத்து அனுப்பினார் என்பதற்கு அந்தத் திட்டத்தில் கருவி இல்லை. அது மாநிலக் காவல்துறையின் பொறுப்பு.